குழாய் உறைந்த ஆடி அமாவாசை

எங்கள் அண்ணா இறையடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்த உறவினரும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை படிக்கலாம் என்று எதிர்பார்ப்பீர்கள். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன், செத்த வீட்டில் தொடங்கி இன்றுவரை உங்களில் பலர் வாயில் புழங்கும் ஒரு பேச்சை எடுக்க வேண்டும். "மனுசன் தன்ர பிடிவாதத்தாலதான் போய்ச் சேர்ந்தது. ஆர் உந்தக் குளிருக்க குழாயில சுடுதண்ணி ஊத்தச் சொன்னது?" என்கிறீர்கள். என் காதுபடவே சொன்னீர்கள். அதற்குப் பதில் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஓராண்டாக வாய் திறக்கவில்லை.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். போரில் அப்பா ஷெல் பட்டுக் காலமானபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு எட்டு. அன்றைக்கே ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒழுங்காகக் கொள்ளி வைக்கக்கூட அண்ணாவுக்கு வாய்க்கவில்லை. தந்தையை இழந்தவர்கள் பிடிக்கும் ஆடி அமாவாசை விரதத்தை அதன்பிறகு ஒரு வருடமும் அவர் விட்டதில்லை. அகதியாக நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த முதல் வருடம், தங்க நிரந்தரமாக ஓர் இடமில்லாத நாட்களிலும், விடியக் குளித்துவிட்டு அப்பாவுக்குப் படைத்திருக்கிறார். காகம் இல்லாத ஊர் இது. வேலிமேல் வைத்த சோற்றை மைனாக்கள் தின்னும். "அப்பாவுக்கு இந்த நாட்டில மைனா வேசம்" என்று சிரிப்பார்.

மங்கரேயில் சரக்குக் கொட்டகை ஒன்றில் பெட்டி தூக்கி என்னை இங்கே கூப்பிட்டார். "நீ படி. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். படித்தேன். அவர் பாபகூராவில் தூண்மேல் நிற்கும் பழைய பலகை வீட்டிலேயே இருந்தார். நான் நகரின் மறுபக்கம் பாட்டனி டவுன்ஸில் புது வீட்டுக்குப் போனேன்.

அண்ணாவிடம் ஒரு பலவீனம் இருந்தது. அது நான். "என்ர தம்பி எஞ்சினியர்" என்று கடைக்காரரிடமும் சொல்வார், கோயில் ஐயரிடமும் சொல்வார். நான் கணினி எஞ்சினியர். அவருக்கு எஞ்சினியர் என்றால் எஞ்சினியர்தான். ரீவி பழுதானாலும் கார் இழுத்தாலும் சலவை மெஷின் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். எஞ்சினியர் தம்பி இருக்கும்போது வேறு ஆளைக் கூப்பிட்டால் எனக்கு மரியாதைக் குறைவு என்பது அவர் எண்ணம். நானும் சும்மா இருந்தேனா? தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வேன், பாதி சரிவரும்.

அந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் தெற்குச் சுவரில் வெளிப்புறமாக ஓடுகிறது. இந்த நாட்டில் ஆடிதான் நடுக் குளிர்காலம், சூரியனும் வடக்கே சாய்ந்திருக்கும்; அந்தப் பக்கம் வெயில் எட்டிப் பார்க்காது. கடுங்குளிரில் குழாய் உறையும், உறை போட்டு மூடு என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அண்ணா உறையையும் வாங்கி வைத்துக்கொண்டு, "எப்ப வாறாய்?" என்று என்னைக் கேட்டார். அடுத்த சனி என்றேன். எத்தனை சனி போயிற்று என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார்.

ஆடி அமாவாசையன்று காலை ஆறரைக்கு அழைத்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அண்ணி அதற்கு முன்பே போய்விட்டார்.

"தம்பி, பைப்பில சொட்டுத் தண்ணி வரேல்லையடா. வெளியில பனி வெள்ளையாக் கிடக்கு. குளிக்காமல் அப்பாவுக்கு எப்பிடிப் படைக்கிறது?"

"சமைக்கப் பிடிச்சு வச்ச தண்ணி கிடக்கோ? அதைக் கொதிக்க வச்சுக் குழாயில ஊத்துங்கோ அண்ணா. உடன இளகும்."

"வெடிக்காதோடா?"

"வெடிக்காது. நான் சொல்லுறன்தானே."

"எஞ்சினியர் சொன்னாச் சரி" என்று போனை வைத்தார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.

அந்த இரண்டாவது அழைப்பு எதற்கென்று பிறகுதான் புரிந்தது. கொதிநீர் பட்டதும் குழாயின் பழைய பிளாஸ்டிக் மூட்டு வெடித்துவிட்டது. தண்ணீரை நிறுத்தும் வால்வு தெருவோரத்தில் எங்கே இருக்கிறது என்று அண்ணாவுக்குத் தெரியாது. அதைத்தான் கேட்க அழைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு வந்து பார்த்தபோது, அண்ணா வேட்டியோடு நின்று இரண்டு கையாலும் துவாயால் மூட்டை அமுக்கிக்கொண்டிருந்தாராம். பெரியவர்தான் புல்லுக்குள் மூடியைத் தேடிக் கண்டுபிடித்து வால்வைப் பூட்டினார். ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்து, போய் உடுப்பை மாற்று என்றாராம்.

அண்ணா மாற்றவில்லை. தலை நனைந்துவிட்டதால் குளிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டார். ஈர வேட்டியோடே சமைத்து, படைத்து, மைனாவுக்கும் வைத்தார். ஊரில் கீரிமலைத் தீர்த்தத்தில் ஈர வேட்டியோடுதான் பிதிர்க்கடன் கழிப்போம். ஆனால் அது கீரிமலை வெயில். இவருக்கோ சிறுவயதிலிருந்தே முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. பின்னேரம் மூன்று மணிக்கு அண்ணி வந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நாலாம் நாள் அண்ணி தாங்க மாட்டாமல் அழுதபடி ஏசினார். "ஆரப்பா உங்களுக்குச் சுடுதண்ணி ஊத்தச் சொன்னது? ஆரிட்டையெண்டாலும் கேட்டிருக்கலாந்தானே?" அண்ணா ஒட்சிசன் மாஸ்க்கைக் கையால் விலக்கினார். கட்டிலின் மறுபக்கம் நின்ற என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத்தான் புத்தி மத்திமமாப் போச்சு" என்றார்.

நான் தோடம்பழம் உரித்துக்கொண்டு நின்றேன். தொடர்ந்து உரித்தேன்.

அண்ணா பிடிவாதக்காரர் என்று இனிச் சொல்லாதீர்கள். அவர் சொல் கேட்கிறவர். கேட்கக் கூடாதவன் சொல்லைக் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் என்னைச் சொல்லலாம். சொல்லுங்கள், அது எனக்கு வேண்டியதுதான்.

வால்வைப் பூட்டிய பெரியவருக்கும், இரவு பகல் பார்த்த தாதியருக்கும், அண்ணாவின் பெட்டியைத் தோளில் சுமந்த கொட்டகைத் தோழர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை சமைத்துத் தந்த பெண்களுக்கும், அந்தச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணிக்கு இதை நேரில் சொல்ல மூன்று தரம் பாபகூரா போனேன். மூன்று தரமும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். இந்தக் குளிருக்கும் அண்ணி எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, நாளைக்குப் பனி கொட்டுமாம். குழாய்க்கு என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றேன். வாழ்நாளில் முதல் தரம். "பிளம்பரைக் கூப்பிடுவம்."

அண்ணி சொன்னார்: "அந்த மனுசன் அண்டைக்கு உங்களை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா இண்டைக்கு இருந்திருக்கும்."

கேட்டவர், அண்ணி. என்னைத்தான் கேட்டவர்.

— தம்பி