முள் விழுந்த இடம்

சுரண்டைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் அம்மா, நெரிசலான பேருந்தை விடுத்து, தாமே மகிழுந்து ஓட்டிப் பணிக்குச் செல்ல விரும்பினார். குற்றாலம்வரை குலுங்காமல் ஓட்டிக் காட்டினால் வண்டி அவருக்கே என்று அப்பா வாக்களித்திருந்தார். எட்டு வயதினனான நான் பின்னிருக்கையில் நடுவரைப் போல் அமர்ந்திருந்தேன்.

சாரல் தொடங்கிய ஞாயிறு அது. தென்காசியைக் கடந்ததும் வண்டி விக்கல் எடுத்தாற்போல் குலுங்கியது. அம்மா வேகம் கூட்டும் முடுக்கி மிதியை விட்டு மீண்டும் அழுத்தினார், மீண்டும் குலுங்கியது.

"நெல்லு மிதிக்க மாதிரில்லா மிதிக்கே!" என்றார் அப்பா.

அருவிச் சாலையில், குளிக்குமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோர் முன்னே வண்டி நின்றே போயிற்று. அவர்கள் எண்ணெய் வழியும் முகங்களோடு சிரித்தனர். அம்மா இறங்கிச் சாவியை நீட்டினார்.

"எங் காலு சரியில்ல. நான் பஸ்சுலயே போயிக்கிடுதேன்."

அடுத்த சனிக்கிழமை எனக்குச் செருப்பு வாங்க அப்பா அழைத்துச் சென்றார். வழியில் அதே விக்கல். இம்முறை மிதியின்மேல் இருந்தது அவருடைய கால். செருப்புக் கடையைக் கடந்து பணிமனைக்கு வண்டியைத் திருப்பினார்.

மிதி எவ்வளவு அழுந்துகிறது என்பதை இயந்திரத்துக்கு அறிவிக்கும் உணரி ஒன்று உண்டு. பணிமனைக்காரர் அதில் மின்னளவுமானியின் கம்பிகளை வைத்து, அப்பாவை மெல்ல மிதிக்கச் சொன்னார். மானியின் முள் சீராக ஏறியது. பாதி வழியில் பொத்தென்று விழுந்து, பின் எழுந்தது. மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது.

"யாரு மிதிச்சாலும் குலுங்கத்தான் செய்யும், அண்ணாச்சி. சென்சாரு தேஞ்சுபோச்சு. இப்பமே மாத்திருதேன்."

"மாத்தாதலே. இந்தா வந்துருதேன்."

என்னை அங்கேயே விட்டு ஆட்டோவில் சென்ற அப்பா, அரைமணியில் அம்மாவோடு திரும்பினார். "நீ கொஞ்சம் மிதிச்சுக் காட்டு. என்ன கோளாறுன்னு இவனுக்குப் புரியமாட்டேங்கு" என்றார். தம் தொழிலுக்கு நேர்ந்த அவ்விழுக்கைப் பணிமனைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

அம்மா மிதித்தார். முள் ஏறியது, விழுந்தது. அப்பா அளவுமானியை அம்மாவின் கண்ணெதிரே பிடித்திருந்தார்.

"மொதல்லயே நீங்க மிதிச்சப்பவும் விழுந்துச்சுல்லாப்பா!" என்றேன், செருப்புக் கடைக்குப் போகும் அவசரத்தில்.

பணிமனைக்காரருக்குத் திடீரென இருமல் வந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு மட்டம் மிதிக்கட்டா?" என்றார் அம்மா.

"மிதி" என்றார் அப்பா, மிக மெதுவாக.

புது உணரி பொருத்தியபின் அப்பா பின்னிருக்கையில் என்னருகே ஏறி அமர்ந்தார். செருப்புக் கடைக்கு அம்மாவே ஓட்டினார். விடை தெரிந்த கணக்கை இருவரும் ஏன் அத்தனை முறை போட்டுப் பார்த்தனர் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. முள் ஆடுவதைக் காணப் பெரியவர்களுக்கு அவ்வளவு ஆசை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.