சாய்தளத்தில் கல் வைக்கப் போனவள்

ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவருக்குப் படகு எதற்கு என்று நான் கேட்டது ஒரு தடவை இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். எஸ்டேட் முதலாளி ஒருவர் ஊரைக் காலி செய்து போகும்போது பழைய ஃபைபர் படகையும் அதை ஏற்றிப் போகும் டிரெய்லரையும் என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டார். சொந்தப் படகை ஏரியில் இறக்க விடமாட்டார்கள். அதனால் கடலுக்கே கொண்டுபோவது என்று முடிவானது. முடிவு செய்தது அவர். கூடப் போக வேண்டியது நான்.

ஏனென்றால் கல் வைக்க ஆள் வேண்டும். மலையில் ஏற்றத்தில் வண்டி நின்றால், பக்கத்தில் இருப்பவர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும். எங்கள் ஜீப்பில் கைப்பிரேக் பேருக்குத்தான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைப்பிரேக் நான்தான். சீட்டுக்கு அடியில் அதற்கென்றே ஒரு கல் கிடக்கும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் வெள்ளக்கடை ரோட்டில் டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பழகினார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகிறது. ஒரு காப்பித் தோட்டத்து வேலி போயிற்று. வழி கிடைக்காத பஸ்காரர்கள் திட்டினார்கள். அவர் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கியது, கல்லோடு ரோட்டில் நின்ற நான்.

கடற்கரையில் படகு இறக்குவதற்கென்று சிமெண்டில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கலாம். நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றி, தளத்தின் கீழ்ப்பாதி பச்சையாகத் தெரிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“அந்தப் பச்சை பூரா பாசிண்ணே. சக்கரம் அதுல படக் கூடாது. தண்ணி ஏறட்டும், ரெண்டு மணி நேரம் பொறுங்க. வண்டிக்குப் பின்னால மட்டும் யாரையும் நிறுத்தாதீங்க.”

இதைவிட நல்லவிதமாக ஒரு மனுஷனால் சொல்ல முடியாது.

“ஏனுங்க, நாங்க மலைக்காரங்க. இருபது கொண்டை ஊசி வளைவு தெனமும் ஏறி எறங்கறோமுங்க. இதெல்லாம் ஒரு சரிவுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவரு சொல்றதக் கேளுங்க மாமா,” என்றேன்.

“நீ கல்ல எடு அம்மிணி.”

எடுத்தேன். அதுதான் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. வாய் வேண்டாம் என்கிறது, கை போய்க் கல்லை எடுக்கிறது. பழக்கம்.

ஜீப் பின்னால் இறங்கியது. பின்சக்கரம் பாசியைத் தொட்டதும் பிரேக் போட்டார். ஒரு கணம் நின்றது. “ம், வெய்யி,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தேன். கல் சிமெண்டில் படுவதற்குள் அந்த மீனவர் என் தோளைப் பிடித்து ஒரே இழுப்பில் ஓரத்துக்கு இழுத்துவிட்டார். நான் குனிந்திருந்த இடத்தின் மேல் சக்கரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. சத்தம்கூட இல்லை.

டிரெய்லர் முழுகி, பின்சீட்டுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் ஜீப் நின்றது. படகை டிரெய்லரோடு சேர்த்துக் கட்டியிருந்த பெல்ட்டை முதலிலேயே அவிழ்க்காததால் அது மிதக்கக்கூட இல்லை. அவர் கதவைத் திறந்து தண்ணீரில் தட்டுத்தடுமாறி மேலே வந்தார். அடி பட்டதா என்று கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மிணி, கல்லு வெக்கலியா?” என்றார்.

கல் என் கையிலேயே இருந்தது. அவர் கண்ணெதிரே அதைக் கடலில் வீசினேன்.

“ஜீப்ப நீங்களே எடுத்துட்டு வாங்க. நான் பஸ்ல ஊட்டுக்குப் போறேன்,” என்றேன். போனேன்.