கரையிலேயே மூழ்கிய கப்பல்

நான் நாலாம் வகுப்பு படித்தபோது எங்கள் மாமா கப்பலில் இருந்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமா என்றால் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கையைக் கட்டியவர். அவர் கப்பலுக்குப் போனதும் அத்தை ஒரு துணிப்பையோடு கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போதகர், "கடலில் இருக்கிற எங்கள் சகோதரனை" என்று ஆரம்பித்து உருக்கமாக ஜெபிப்பார். சபையே ஆமென் சொல்லும். அத்தை மட்டும் குனிந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்குள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அம்மாவும் நைனாவும் குரலைத் தாழ்த்திப் பேசும்போது 'ஓடிப்போனவன்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊர் தெலுங்கு நாட்டுப் பக்கம் என்பதால் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தெலுங்கு. தெலுங்கில் கப்பலுக்கு 'ஓட' என்று பெயர். எங்கள் வீட்டில் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவது சகஜம். ஓடயில் போனவன், ஓடிப்போனவன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கப்பலில் போன மனுஷனைப் பற்றிப் பேசும்போது அம்மா ஏன் பல்லைக் கடிக்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நைனா திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு தெலுங்குப் படப் புத்தகம் வாங்கி வந்தார். நைனாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அட்டையில் கப்பல் படம் அழகாக இருந்ததால் வாங்கிவிட்டார். உள்ளே இருந்தது, எங்கேயோ குளிர் தேசத்தில் நிஜமாகவே நடந்த கதை. ஒரு ராஜா உலகத்திலேயே பெரிய கப்பலாக வேண்டும் என்று அவசரப்படுத்திக் கட்டவைக்கிறார். கப்பல் முழுக்கச் சிங்கச் சிற்பங்கள், இரண்டு வரிசையாகப் பீரங்கிகள். முதல் பயணத்தைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கிறது. லேசாக ஒரு காற்று. கப்பல் சாய்கிறது. பீரங்கி வைத்த ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, புறப்பட்ட துறைமுகத்திலேயே மூழ்கிப்போகிறது. கொடிகளெல்லாம் தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டிருக்க, கீழே கப்பல் இறங்கிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தேனோ தெரியாது. மாமாவின் கப்பலில் ஜன்னலை எல்லாம் ஒழுங்காகச் சாத்துவார்களா என்ற கவலை எனக்கு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டும் ஜெபமும் முடிந்து அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். போதகரின் மனைவி என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா புக்கும்மா அது? கதை சொல்லேன், கேக்கலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, தெலுங்கைத் தமிழாக்கிச் சொன்னேன். கப்பல் மூழ்கிய இடம் வந்தபோது, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை தலையை நிமிர்த்தினாள்.

"எங்க முழுகிச்சி?"

"கிளம்பின எடத்துலயே அத்தை. அது கடலுக்கே போகல."

"போகவே இல்லியா?"

"இல்ல. எல்லாரும் கரையில நின்னு பாத்துக்கினே இருந்தாங்க."

அத்தை சிரித்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். போதகருக்கு என்ன தோன்றியதோ, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கவலைப்படாதம்மா, நம்ம சகோதரனைக் கர்த்தர் பத்திரமா கரை சேர்ப்பார்" என்றார்.

"அவரு கரையிலதான் இருக்காரு ஐயா," என்றாள் அத்தை. "சத்தியவேட்டுல. கப்பலுக்கே போகல. உங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினே ஆமென் சொல்றீங்க."

நான் துள்ளிக் குதித்தேன். மாமா கரைக்கு வந்துவிட்டாரே! அம்மா என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி பீரோ மேல் போட்டாள். வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். மாமா பிழைத்துக்கொண்டதில் இவர்களுக்கு ஏன் இத்தனை வருத்தம் என்று எண்ணி எண்ணி எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் சபையில் அந்த ஜெபம் நின்றுபோனது. நைனா சில நாள் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, "வா, போய் வாங்கிக்கினு வந்துடலாம்" என்று அவரே கிளம்பினார். அம்மா வேர்க்கடலை பிடுங்கும் வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். வாங்கி வரப் போனது அத்தையின் தையல் மிஷினை. கையால் சுற்றுகிற சின்ன மிஷின் அது. ரிப்பேர் செய்து தருவதாகச் சொல்லி மாமா எடுத்துக்கொண்டு போனாராம்.

சத்தியவேட்டில் இறங்கியதும் நான் கடலைத் தேடினேன். வேன் வேனாகக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் இருந்தார்கள். பரோட்டாக் கடை இருந்தது. சென்னை பஸ் நின்றது. கடல் மட்டும் எந்தப் பக்கமும் தெரியவில்லை. பின்னால் எங்கேயாவது இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஷீட் போட்ட ஒரு வீட்டின் கதவைத் தட்டியதும் மாமாவே திறந்தார். லுங்கி கட்டியிருந்தார்.

"கப்பல் எப்ப வந்துச்சி மாமா?" என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நைனாவையும் பார்க்கவில்லை. வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஷினக் குடு. வேற ஒண்ணும் வாணாம்," என்றாள் அத்தை. அதுவரை அவரிடம் வாங்க, போங்க என்றுதான் அவள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

உள்ளே ஜன்னலோரம் மிஷின் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, எங்கே நிற்பது என்று தெரியாதவள்போல நின்றாள். ஊசிக்கடியில் ஒரு மஞ்சள் கவுன், உள்ளங்கை அகலம்தான், பாதி தைத்தபடி மாட்டியிருந்தது. அத்தை அதை உருவிப் போட்டுவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவளோ தரையில் உட்கார்ந்தாள். துணியை நேர்ப்படுத்தி, சக்கரத்தைச் சுற்றி, மிச்சமிருந்த தையலை ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கவுனை அந்தப் பெண்ணின் தோள்மேல் போட்டாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்று அந்தப் பெண் அழுதாள். அவளுக்கு என்ன தெரியாது, தையலா என்று எனக்குக் குழப்பம். "தண்ணி குடு, பஸ்ஸுக்கு நேரமாவுது," என்றாள் அத்தை. அந்தப் பெண் கொண்டுவந்த தண்ணீரை அத்தை நின்றபடியே குடித்தாள். நைனா குடிக்கவில்லை.

திரும்பும்போது நைனா முன் சீட்டில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் அத்தையும் பின்னால். நாராயணவனம் தாண்டியது. அத்தையிடம் ஏதாவது நல்ல பேச்சாகப் பேசவேண்டும் என்று தோன்றியது.

"அந்தப் பாப்பா அப்படியே நம்ம மாமா மாதிரியே இருக்குதில்ல அத்தை?"

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா கண்ணு. அதே மூக்கு. அழகா இருக்குது."

நான் கண்டுபிடித்தது சரிதான் என்று அத்தையே சொல்லிவிட்டதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எட்டி முன் சீட்டில் இருந்த நைனாவின் தோளைத் தட்டி, அவரிடமும் அதைச் சொன்னேன். நைனா திரும்பவே இல்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ரோடு அவ்வளவு மோசம் என்று நினைத்துக்கொண்டேன்.