மூடியிருந்த கேட்டும் மின்மினி பாட்டிலும்

துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைலர் ஓட்டுகிறேன். ஓட்டுவது கொஞ்சம். நிற்பதுதான் அதிகம். எண்ணூர் சாலையில் வரிசை நின்றுவிட்டால் திருவொற்றியூர் தாண்டவே ஒரு பகல் போய்விடும்.

போன மாதம் மகளுக்குக் கல்லூரிப் பரீட்சை. கையில் போன் இருந்தால் படிப்பு ஓடாது என்று அவளே கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பரீட்சை முடியும். அன்றைக்குத் திருப்பித் தரவேண்டும்.

"உள்ள கேம் கீதுப்பா. போரடிச்சா ஆடு. ஆனா செத்துடாத."

"செத்தா?"

"பாட்டில் பூடும்."

பிறகு சொல்லிக்கொடுத்தாள். கையில் விளக்கோடு ஒரு சின்னப் பொம்மை குகைக்குள் போகும். தாவும், ஏறும், விழும். போன இடமெல்லாம் வரைபடத்தில் கோடாக விழும். போகாத இடம் கறுப்பாகவே இருக்கும். வழியில் கிடைக்கும் மின்மினிகளைப் பிடித்து முதுகில் தொங்கும் பாட்டிலில் போடவேண்டும். செத்தால் பொம்மை மறுபடி பிழைத்துக்கொள்ளும். பாட்டில் மட்டும் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுக்கலாம். எடுப்பதற்குள் இன்னொரு முறை செத்தால் பாட்டில் போனது போனதுதான்.

அவள் பாட்டிலில் இருந்தது ஆறு மாதத்து மின்மினி. வாய் வரைக்கும் மினுங்கியது.

ஆட்டம் எனக்கு ஒத்துவந்தது. இறக்கம், முட்டுச்சந்து, சுற்றுவழி. எல்லாம் தெரிந்த சங்கதிதான். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு இரும்புக் கேட் வந்தது. மூடியிருந்தது. நின்றேன்.

இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கு முன்னால் நின்றுதான் சாப்பிடுகிறேன். மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கவேண்டும். எப்போது திறக்கும் என்று விசாரிக்கக் கூடாது. விசாரித்தவன் வண்டிதான் கடைசியில் போகும். அதனால் போனை சார்ஜில் போட்டு, திரை அணையாமல் அவ்வப்போது விரலால் தொட்டுக்கொண்டு நின்றேன். புதன்கிழமை மதியமும் நின்றேன்.

பின்வண்டிக்காரன் என் கேபினில் ஏறி எட்டிப் பார்த்தான். வியாசர்பாடிக்காரன். பத்து வருடப் பழக்கம்.

"இன்னா மாமே, நேத்துலேர்ந்து ஒரே எடத்துல நின்னுகினு கீற?"

"கேட் மூடிகீது."

"அதுக்கு?"

"தொறப்பான்."

"யாரு?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இறங்கிப் போய் வரிசை முழுக்கச் சொன்னான். முன்வண்டிக்காரர் வந்து, "அண்ணே, பேப்பர்லாம் கரெக்டா வச்சிகிறியா? இல்லாங்காட்டி உள்ள வுட மாட்டான்" என்றார். சைக்கிளில் டீ விற்கிறவர்கூட, "கேட் தொறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ ஊற்றினார்.

வியாசர்பாடிக்காரன்தான் வழியும் சொன்னான். "அது தொறக்காது மாமே. வந்த வழியே திரும்பிப் போ. எங்கனா எதுனா வுட்டுட்டு வந்திருப்ப."

திரும்பினேன். வரைபடத்தில் கறுப்பாக இருந்த ஒரு மூலையில் இரண்டு கொக்கி கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டால் சுவரில் ஏறலாம். வியாழக்கிழமை கேட்டின் மேலேறி அந்தப் பக்கம் குதித்தேன்.

அங்கே ஒரு நண்டு. டிரைலர் அளவு. ஒரே அடி.

பாட்டில் அதன் காலடியில் கிடந்தது.

"பொண்ணு இன்னா சொல்லும் மாமே?" என்றான் வியாசர்பாடிக்காரன். இந்த முறை சிரிக்கவில்லை.

போனை கேபின் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கொருக்குப்பேட்டையில் வீட்டுக்குப் போனபோது மகள் புத்தகத்தில் இருந்தாள். விடிந்தால் பரீட்சை. சாப்பிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை வரிசை சீக்கிரம் நகர்ந்தது. பத்து மணிக்கெல்லாம் கன்டெய்னரை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு மணிக்குப் பரீட்சை முடியும். பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். ஆட்டத்தில் கேட்டின் மேலே ஏறி உட்கார்ந்தேன். கீழே குதிக்கவில்லை. நண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கொடுக்கு இரண்டு முறை, இடது ஒரு முறை. பிறகு மண்ணுக்குள் பாதி இறங்கும். மூன்று மூச்சு விடுகிற நேரம். மறுபடி எழும். அரை மணி நேரம் பார்த்தேன்.

அது இறங்கியது. குதித்தேன். பாட்டிலை எடுத்தேன். சுவரில் ஏறினேன். கொடுக்கு காலுக்குக் கீழே அடித்தது. இரண்டு வண்டிக்கு நடுவே ரிவர்ஸில் நாற்பதடி கன்டெய்னரைச் செருகும்போதுகூட எனக்குக் கை இப்படி வேர்த்ததில்லை.

"அட்ச்சிப் போடாம ஓடியாந்துட்டியே மாமே!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த வியாசர்பாடிக்காரனுக்கு ஏமாற்றம்.

"பாட்டில் எடுக்கத்தான போனேன்."

சாயங்காலம் மகளிடம் போனைக் கொடுத்தேன். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு வரைபடத்தைப் பார்த்தாள்.

"ப்பா! இந்த கேட்டத் தாண்டுனியா? நான் ரெண்டு மாசமா முட்டிகினு கீறேன்."

"ம்."

"நண்டக் கொல்லலியா?"

"எனக்கு அங்க வேலை இல்ல."

"நீ சுத்த வேஸ்ட்டுப்பா," என்று போனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் சோற்றில் கை வைத்தேன். நண்டு அடிக்கிற சத்தம் கேட்டது. சட்டென்று சத்தம் நின்றது.

மகள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"ப்பா... செத்துட்டேன். பாட்டில் உள்ள கீது."

கை கழுவிவிட்டு வந்தேன்.