தலைவலி எனக்கு, பிரஷர் தனகோட்டிக்கு

சாலை மறியல் என்பது வெயிலில் உட்காரத் தெரிந்தவர்களின் தொழில். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அந்தத் தொழிலை என்னைவிட நீண்ட காலம் செய்தவர் எவரும் இல்லை என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். நான் மேடையேற்றிவிட்ட சிலர் இன்று காரில் போகிறார்கள். மறியல் நடக்கும் ரோட்டை விட்டுவிட்டு வேறு ரோட்டில் போகிறார்கள். எனக்கு மிஞ்சியது தலைவலி. இடது பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் பட்டால் கூடும். வாந்தி வரும். ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

கௌரவமான வியாதி

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், துண்டறிக்கைகளில் படித்தது அதிகம். துண்டறிக்கையில் எந்தக் கேட்டுக்கும் காரணம் மேலே உட்கார்ந்திருப்பவன்தான். அந்தப் பழக்கத்தில் என் தலைவலிக்கும் காரணம் கண்டுபிடித்தேன். காரணம் பிரஷர், பிரஷருக்குக் காரணம் அரசாங்கம். யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வெறும் தலைவலி என்றால் டீ குடிக்கச் சொல்வார்கள். பிரஷர் என்றால் நாற்காலி போடுவார்கள், மின்விசிறியை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். உழைத்துச் சம்பாதித்த வியாதி என்று அதற்கு ஒரு மரியாதை உண்டு.

செலியமேட்டுப் பக்கம் வாய்க்கால் மதகு உடைந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறாமல் போனது. அதற்காகக் கூட்டம் போட்டோம். "இந்த அரசாங்கம் எனக்குக் கொடுத்த ஒரே நலத்திட்டம் ரத்தக் கொதிப்பு" என்று பேசினேன். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால், கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அது இன்னா தலைவரே, எந்தக் கட்சி வந்தாலும் உங்க பிரஷர் மட்டும் எறங்கவே மாட்டேங்குது?"

உருக்கமான பேச்சு

எங்கள் விவசாயிகள் சங்கத்தில் கொடி பிடிப்பவர் தனகோட்டி. என் வயலுக்கு அடுத்த வயல்காரர். என்னை மாமா என்று கூப்பிடுவார். ஒரு மருத்துவ முகாமில் அவருக்குப் பிரஷர் இருப்பதாகச் சொல்லி, தினம் ஒன்று போடும்படி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலைவலிக்காகக் காத்திருந்தார். தலைவலி வந்தால்தானே பிரஷர்? அவருக்கோ ஒரு நாளும் தலை வலித்ததில்லை. அவர் மனைவி லட்சுமிக்குப் பயம். தனகோட்டியின் அண்ணன் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தவர். ஒரு பக்கம் கை கால் வராமல் படுத்தே போய்ச் சேர்ந்தார். "அவரும் ஒரு நாள் தலை நோவுதுன்னு சொன்னதில்லண்ணே" என்று லட்சுமி என்னிடம் வந்து அழுதது உண்டு.

மதகுக்காக அடுத்த ஆர்ப்பாட்டம் நடந்த அன்று எனக்குத் தலை தெறித்தது. தனகோட்டி பையில் கைவிட்டார். "எனக்கு எதுக்கு மாமா இது? நோவுறது உனக்கு. நீ போடு." போட்டேன். மைக்கைப் பிடித்துப் பத்து வார்த்தை பேசுவதற்குள் தரை சாய்ந்தது. எதிரில் இருந்த முகங்கள் மங்கின. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கி, எப்படியோ முடித்து உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் நீர். தனகோட்டி என் தோளைத் தட்டினார். "இன்னிக்குத்தான் மாமா நீ உருக்கமா பேசுன."

மண்டபத்துக்கு வந்த மிஷின்

மறியல் செய்தால் எங்களைச் சிறைக்குக் கொண்டுபோவதில்லை, கல்யாண மண்டபத்துக்குத்தான். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மறியல் வைப்பது எங்கள் பொறுப்பு. லெமன் சாதம் போட்டு சாயங்காலம் விட்டுவிடுவது அவர்கள் பொறுப்பு. மதகு மறியலன்று அப்படித்தான் போனோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் மேடையில் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் பயந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவை வரவழைத்தார்.

நர்சம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "நூத்தி இருபதுக்கு எண்பது. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க." அடுத்த கையிலும் பார்க்கச் சொன்னேன். அதே கணக்கு. அவ்வளவு பேருக்கு முன்னால் எனக்கு மானம் போயிற்று. "இது அரசாங்க மிஷின். அப்படித்தான் சொல்லும்" என்றேன். "சரி, உங்க ஆளு ஒருத்தரு கைய நீட்டுங்க" என்றார் அந்த அம்மாள். இரண்டாவது தட்டு லெமன் சாதத்தில் இருந்த தனகோட்டி சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். நர்சம்மா அளந்து பார்த்தார். தட்டை வாங்கி வைத்து, சற்று நேரம் பேசாமல் உட்கார வைத்து, மறுபடி பார்த்தார். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

"எனக்குத் தலையே நோவலையே, சிஸ்டர்?"

"ஏறுனா பாதிப் பேருக்கு மேல ஒண்ணுமே தெரியாதுண்ணே. தெரிஞ்சா நான் எதுக்கு இந்த மிஷினத் தூக்கிக்கினு அலையறேன்?"

இரண்டு வண்டி ஆட்கள்

தனகோட்டியை உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் சங்கத்தில் ஒரு விதி: மண்டபத்திலிருந்து ஒருவன் முன்னால் வெளியே போகக் கூடாது. ஒருவனைத் தனியே அனுப்பி, அவன் விலைபோனான் என்று கதை கட்டி, எங்களை உடைத்த காலம் உண்டு. "கொடி பிடிச்சவன் மொதல்ல போனா ஊர்ல இன்னாபா சொல்லுவான்?" என்றார். இதுவும் அந்த வேலைதானோ என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அவருடைய அண்ணனைத் தூக்கிய நாலு பேரில் நான் ஒருவன். எழுந்து நின்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "போனால் எல்லாரும் போவோம்."

இரண்டு போலீஸ் வண்டியில் அத்தனை பேரும் சுகாதார நிலையத்தில் இறங்கினோம். பழக்கதோஷத்தில் கோஷமும் வந்துவிட்டது. முற்றுகை என்று நினைத்து வாட்ச்மேன் கேட்டைச் சாத்தப் போனார். டாக்டர், சின்னப் பெண், வெளியே வந்து "இதுல நோயாளி யாரு?" என்று கேட்டார். எல்லா விரலும் தனகோட்டியைக் காட்டின. அவரைப் படுக்க வைத்து மாத்திரை கொடுத்தார். "வந்ததே வந்துட்டீங்க, மத்தவங்களும் கைய நீட்டுங்க" என்று வரிசையில் நிற்கவைத்தார். இன்னும் மூன்று பேர் பிடிபட்டார்கள். மூவருக்கும் தலைவலி கிடையாது. இருட்டும்போது தனகோட்டிக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல ஒருத்தருக்கு மாத்திரை குடுக்க ரெண்டு வண்டி ஆள எறக்குனது இதான்யா மொதல் தடவ."

சாப்பாட்டுக்கு ஒரு டாக்டர்

என்னிடமும் டாக்டர் கேள்வி கேட்டார். ஒரு பக்கமா? வெளிச்சம் ஆகாதா? எந்த நாட்களில் வரும்? உண்ணாவிரத நாட்களில், வெயில் நாட்களில், தூங்காத நாட்களில் என்றேன். ஒற்றைத் தலைவலி என்றார். மிகவும் எகிறினால் ஒழியப் பிரஷரால் தலைவலி வருவதில்லையாம். அடுத்தவர் மாத்திரையைப் போட்டதால்தான் அன்றைக்கு மேடை சுற்றியது. கடையில் வாங்கி அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரையும் தலைவலியை வளர்க்கும் என்றார். திடீரென்று இடி விழுந்ததுபோல் வந்தாலோ, வாய் குழறினாலோ, கை கால் மரத்தாலோ ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்கக் கூடாது என்று எச்சரித்தார். மற்றபடி வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம், வலி தொடங்கும்போதே போட ஒரு மாத்திரை.

"உண்ணாவிரதம்?" என்று கேட்டேன். "வேற போராட்டம் பண்ணுங்க ஐயா" என்றார். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த என் மனைவி சுவரில் சாய்ந்து நின்று சொன்னாள்: "நான் சோத்தப் போட்டுட்டு கூப்புட்டப்பல்லாம் காது அடைச்சுக்கிச்சு. அவங்க சொன்னா நோட்டீஸ்ல அடிச்ச மாதிரி கேட்டுக்கற."

மதகடியில்

மதகுக்குப் புதுக் கதவுப் பலகை வந்துவிட்டது. கல்வெட்டில் யார் பெயர் இருக்கும் என்பது எனக்குத் தெரியும், என்னுடையது இருக்காது. தண்ணீர் மட்டும் கடைசி வயல்வரை போகிறது. எனக்கு இப்போதும் வலி வருகிறது, முன்போல் வாராவாரம் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் மறியலுக்குப் போகிறேன். குரலும் நன்றாக எழும்புகிறது.

தனகோட்டி நாள் தவறாமல் மாத்திரை போடுகிறார். பிரஷர் அளவு சரியாகிவிட்டது. சரியானதும் நிறுத்தலாமா என்று கேட்கப் போய் நர்சம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறதாம். போன வாரம் நானும் தனகோட்டியும் லட்சுமியும் மதகடியில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "மாமா, இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லி ஒரு மறியல் போட்டா இன்னா?" என்றார் தனகோட்டி. லட்சுமி வரப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போடு, போடு. எங்க வூட்டுக்கு நான்தான் போலீசு."

என் பொதுவாழ்வில் அரசாங்கத்தின் மேல் நான் சுமத்திய குற்றங்களில் ஆதாரம் இல்லாமல் தள்ளுபடியானது இந்தத் தலைவலி ஒன்றுதான். மற்றவை அப்படியே நிற்கின்றன.