எர்மெஸ் அத்தானின் பதிமூணு டிகிரி

எங்க அத்தான் எர்மெஸுக்கு மனுஷங்க மேல நம்பிக்கை கிடையாது, மீட்டர் முள்ளு மேலதான் நம்பிக்கை. முப்பத்திரண்டு வருஷம் பார்மா டவுனுக்குப் போற பஸ்ஸ ஓட்டினவர். ஒருதடவ வண்டி முழுக்கப் புகை. பயணிங்கல்லாம் இறங்கி வயக்காட்டுல நிக்கிறாங்க. இவர் மட்டும் சீட்ட விட்டு எழும்பாம, "முள்ளு பச்சையிலதானே இருக்கு"ன்னு உக்காந்திருந்தார். அப்பேர்ப்பட்ட ஆளு ரிட்டயர் ஆனதும் சலாமி போட ஆரம்பிச்சா என்ன ஆகும்? அதான் ஆச்சு.

எங்க ஊர்ல ஆத்தோரம் பழைய வீடு வச்சிருக்கிறவங்களுக்குக் கவலை இல்ல. வீட்டுக்கு அடியில நிலவறை இருக்கும். குளிர்காலம் முழுக்க அங்க ஒரே குளிர், ஒரே ஈரம். பன்றிக்கறியைக் குடல்ல அடைச்சுக் கட்டித் தொங்கவிட்டா தானாக் காஞ்சு சலாமியாயிடும், நாம சீட்டாடப் போயிடலாம். அத்தான் இருக்கிறது மூணாவது மாடி ஃபிளாட்டு. அந்தக் கட்டடத்துக்கும் நிலவறை உண்டு, ஆனா அது வழியாத்தான் ஹீட்டர் குழாய் போகுது. அங்க தொங்கவிட்டா சலாமி காயாது, வெந்துடும்.

அதனால பழைய ஃபிரிட்ஜ் ஒண்ண நடைவழியில கொண்டுவந்து வச்சார். எங்க அக்கா நெரீனாவோட கோட்டு மாட்டுற இடம் போச்சு. உள்ள ஒரு சின்ன ஃபேன், ஒரு கிண்ணத்துல உப்புத் தண்ணி, ரொம்பக் குளிராம இருக்க ஃபிரிட்ஜ அணைச்சு அணைச்சுப் போடுற ஒரு டைமர். எண்ணிப் பன்னெண்டு சலாமி. பதிமூணு டிகிரி குளிர், எழுபத்தஞ்சு பர்சென்ட் ஈரம், இதுதான் கணக்கு. ஈரம் குறைஞ்சா தோல் முந்திக் காஞ்சு கெட்டியாயிடும், உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாமக் கறி கெடும். ஈரம் கூடினா கருப்புப் பூசணம் பூக்கும். நடுவுல நின்னா வெள்ளையா, மாவு தூவினாப்ல ஒரு பூசணம் வரும், அதுதான் வேணும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளத்துலதான் என் சலூன் இருக்கு. மேல நடக்கிற ஒவ்வொண்ணும் படியிறங்கி எங்கிட்டதான் வரும். அதுவுமில்லாம எங்க அப்பாவே பன்றிக்கறி பதம் போடுறவர். எனக்குப் பன்றின்னா பயம், கத்தரிக்கோலப் பிடிச்சிட்டேன். அக்கா எட்டு வயசுலேர்ந்து அப்பா கூடவே நிலவறையில நின்னவ.

அவகிட்ட அத்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டார்தான், ஒரே ஒரு தடவ. சரியான ஈரம்னு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, அமுக்கிப் பாத்தா கட்டைவிரலுக்குத் தெரியும்னாளாம். கட்டைவிரல்ல நம்பர் எங்க இருக்குன்னு கேட்டு, அதோட அந்தப் பேச்ச முடிச்சிட்டார்.

இப்போ எங்க கிளப்பப் பத்திச் சொல்லணும். ஒவ்வொரு ஈஸ்டர் திங்களும் வீட்டுல சலாமி போடுறவங்க ஆளுக்கொண்ணு கொண்டுவரணும். அல்சீதே அண்ணன்தான் வெட்டுவார், அவர்தான் தீர்ப்பு. எங்க அப்பாகிட்ட வேலை பாத்தவர், எழுபத்தெட்டு வயசு, வாய் மட்டும் இன்னும் இருபதுலயே நிக்குது. ஜெயிச்சவன் கையில அவனோட சலாமி கட்டியிருந்த நூலையே கட்டிவிடுவார். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அந்த நூலோடதான் குளிப்பான். தொடர்ந்து மூணு வருஷம் கெட்டதைக் கொண்டுவந்தவன் அப்புறம் ஜென்மத்துக்கும் சலாமி கொண்டுவரக் கூடாது, ரொட்டி மட்டும்தான். தூல்யோ பத்தொம்பது வருஷமா ரொட்டி தூக்கிட்டு வர்றான். அவனுக்குன்னு வேற பேரு இருந்ததே பாதிப்பேருக்கு மறந்துபோச்சு, ரொட்டிதான்.

முதல் வருஷம் அத்தான் கொண்டுபோனது பாறை. ஒரு நாளைக்கு முப்பது தடவ ஃபிரிட்ஜைத் திறந்து மீட்டரைப் பாப்பார், திறக்கிறதால முள்ளு இறங்கும், இறங்கினதைப் பாத்து எதையாவது திருகுவார். தோல் கல்லு, உள்ள பச்சைக் கறி. அல்சீதே அண்ணன் அத மேசையில ரெண்டு தட்டு தட்டிட்டு, இத வச்சு உன் பஸ்ஸுக்கு ஜாக்கி போடலாம்னார். ரெண்டாவது வருஷம் உஷாராயி உள்ள தண்ணியாத் தெளிச்சார். கருப்பு முடி முளைச்சு வந்துச்சு. "இத எங்கிட்ட ஏன் கொண்டாந்தே? லியார்க்கோகிட்ட அனுப்பு, முடி வெட்டட்டும்"னார் அண்ணன். லியார்க்கோ நான்தான். நானும் சிரிச்சேன். அக்கா என்னைப் பாத்த பார்வையில சிரிப்ப நிறுத்திட்டேன்.

வீடு திரும்பினோம். மாடிப்படியில அத்தான் மெதுவா, "ரொட்டி தூக்க வச்சிடுவாங்க போலிருக்கே லியார்க்கோ"ன்னார். விளையாட்டா சொல்லல. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு.

மூணாவது குளிர்காலம் புது மீட்டர் வந்துச்சு. முள்ளு இல்ல, நம்பர் காட்டுறது, ரெண்டு விரல் அகலம். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு கண்ணாடிச் சன்னல் வெட்டி, வெளியிலேர்ந்தே தெரியுற மாதிரி மீட்டரை உள்ள ஒட்டி வச்சார். அன்னிக்கே பதிமூணு டிகிரி, எழுபத்தஞ்சு. மறுநாளும் அதே. வாரம் பூரா அதே. வெளிய பனிமூட்டம், எதிர்வீடு தெரியல, மீட்டர் அசையல. ஒருநாள் வெயில் அடிச்சு ஜன்னலெல்லாம் திறந்தாங்க, அப்பவும் அசையல. அத்தான் என் சலூன்ல வந்து உக்காந்து, ஆண்டவனே கூட இவ்வளவு ஒழுங்கா உலகத்த நடத்தலன்னு சொன்னார். முடிவெட்டிக்க வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னார். எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

ஆனா ஒண்ணு, அவர் மாறிட்டார். ஃபிரிட்ஜைத் திறக்கிறதில்ல, திருகுறதில்ல. காலையில சன்னல் வழியா ஒரு பார்வை, அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட்டதும் நிம்மதியாச் சீட்டாடப் போயிடுவார்.

ஈஸ்டர் திங்களன்னிக்குக் கிளப்புல அடுப்பு ஒருபக்கம், நாப்பது பேரு மூச்சு ஒருபக்கம், வெந்து சாகுறோம். அக்கா பெரிய கத்தியால ரொட்டி அறுத்துட்டிருந்தா. அத்தானோட சலாமிய மேசையில வச்சாங்க. மேலெல்லாம் வெள்ளைப் பூச்சு. அல்சீதே அண்ணன் சாய்வா, ஒரு மிளகு கனத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். மோந்தார். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். கண்ண மூடி மென்னார். அப்புறம் ரெண்டாவது துண்டு வெட்டினார். எங்க ஊர்ல அதுக்கு மேல தீர்ப்பு கிடையாது.

நூலைக் கட்டிவிட்டதும் அத்தானுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதோட உக்காந்திருக்கலாமில்லையா? இல்ல, பேசணும்னு எழுந்தார். பெருமையெல்லாம் தனக்கு இல்லையாம், விஞ்ஞானத்துக்காம். கோட்டுப் பையிலேர்ந்து அந்த மீட்டரையே எடுத்துக் கை கையாக் கொடுத்துவிட்டார். போகும்போதே நான் எட்டிப் பாத்தேன். பதிமூணு டிகிரி, எழுபத்தஞ்சு.

அது ரொட்டி தூல்யோ கையில போய் நின்னுச்சு. அவன் மீட்டரைப் பாத்தான், அடுப்பைப் பாத்தான், கழுத்தத் தொடைச்சுக்கிட்டான்.

"இங்க பதிமூணு டிகிரியா? எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது."

அல்சீதே அண்ணன் அத வாங்கி, நகத்தால ஒரு ஓரத்தச் சுரண்டினார். மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் உரிஞ்சு வந்துச்சு. நம்பரெல்லாம் அந்தத் தாள்லதான் அச்சடிச்சிருக்கு. கடையில அழகாத் தெரியணும்னு ஒட்டுவாங்களே, அது. அடியில கண்ணாடி வெறுமையா இருக்கு. திருப்பிப் பாத்தா, பேட்டரி ஓடணும்னா இழுத்து எடுக்கச் சொல்லி நடுவுல வச்ச துண்டுகூட அப்படியே இருக்கு. மூணு மாசமா ஒரு ஸ்டிக்கரைப் பாத்துச் சந்தோஷப்பட்டிருக்கார் எங்க அத்தான்.

நாப்பது பேரும் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி டம்ளரெல்லாம் ஆடுச்சு. ஒருத்தன் நாற்காலியோட விழுந்தான். அத்தான் முகத்துல ரத்தமே இல்ல. நூலை அவிழ்க்கப் போனார், முடிச்சு வரல. இந்தத் தடவ எனக்குச் சிரிப்பு வரல, சத்தியமா.

அல்சீதே அண்ணனும் சிரிக்கல. சலாமியத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். அடிப்பக்கம், கடைசியாக் காயுற தடிச்ச இடத்துல, வெள்ளைப் பூச்சுக்கு நடுவுல வழுவழுன்னு ஒரு தடம், கட்டைவிரல் அளவு. ஒருநாள் அமுக்கினா அப்படி வராது, தினம் அமுக்கினாத்தான் வரும்.

"எர்மெஸ், உன் தடிச்ச விரல் இதுல பாதிகூட அடங்காது. எங்க முதலாளி, இவங்க அப்பா, அமுக்கிப் பாத்த இடம் இது"ன்னவர் அக்கா பக்கம் திரும்பினார். "நெரீனா, இங்க வா."

அக்கா ரொட்டிய அறுத்துக்கிட்டே, சும்மா தூசி தட்டினேன்னா. அப்புறம்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. அத்தான் சீட்டாடப் போனதும் பன்னெண்டையும் அமுக்கிப் பாப்பாளாம். தோல் விறைப்பா இருந்தா உள்ள ஈரத்துணி. பிசுபிசுத்தா ஃபிரிட்ஜ் கதவுல ஒரு மரக்கரண்டியச் சொருகி அரைமணி நேரம். டைமரைக்கூட இவதான் மாத்தியிருக்கா.

"ஸ்டிக்கர்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார் அத்தான்.

"முதல் நாளே தெரியும். கண்ணாடி தொடைக்கிறவ நான்தானே."

"ஏன் சொல்லல?"

அக்கா கத்திய வச்சா. "ரெண்டு குளிர்காலம் எழுந்ததும் அந்தப் பெட்டி முன்னாடிதான் போய் நின்னே. இந்த வருஷம்தான் ஒரு பார்வை பாத்துட்டு வந்து என்கூட உக்காந்து காபி குடிச்சே. அதப் போய் நான் கெடுப்பேனா?"

அத்தான் பல்லால கடிச்சு அந்த நூலை அவிழ்த்து, அக்கா கையில கட்டினார். முடிச்சு போடத் தெரியல, நான்தான் போட்டுவிட்டேன்.

அதோட திருந்திட்டார்னு நினைச்சீங்களா? டிசம்பர்ல புதுசாப் பன்னெண்டு தொங்கவிட்ட அன்னிக்கே மீட்டரோட பேட்டரித் துண்டை இழுத்து ஓடவிட்டுட்டார். நம்பர் நெசமாவே ஓட ஆரம்பிச்சுது. பதினொண்ணு, பதினாலு, அறுபது, எண்பத்திரண்டு. மத்தியானத்துக்குள்ள ஒம்பது தடவ ஃபிரிட்ஜைத் திறந்துட்டார். ஒம்பதாவது தடவ கதவு சாத்தின சத்தம் என் சலூனுக்கே கேட்டுச்சு, மேல ஓடினேன்.

அக்கா தையல் டப்பாவத் திறந்து, பத்திரமா மடிச்சு வச்சிருந்த அந்தப் பிளாஸ்டிக் தாளை எடுத்து அவர் கையில கொடுத்தா.

"ஒட்டு."

ஒட்டினார். கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. இப்பவும் தினம் காலையில அத ஒரு பார்வை பாக்குறார். பாத்துட்டு நேரா சமையல்கட்டுக்கு வந்து, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?"ன்னு அக்காகிட்டக் கேக்குறார்.