அத்தானுக்கு ஒட்டிய இரண்டு போஸ்டர்கள்

பசை இன்னும் காயவில்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ் மாற இறங்கியபோது எதிர்ச் சுவரில் வரிசையாகப் போஸ்டர்கள், ஓரங்களில் மைதா பசை வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, உச்சியில் சிலுவை, நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கும் என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிதாகவும் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று கொஞ்சம் சிறிதாகவும் போட்டிருந்தது. கீழே அவருடைய வாலிபால் கோஷ்டி முழுவதும் கைகூப்பி நின்றது. செத்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர்கள் படம் அதிக இடத்தை அடைத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

முந்தின நாள் கப்பலூர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை, விடியட்டும் பார்ப்போம் என்றார். விடிந்ததும் நான் மட்டும் வீட்டுக்குப் போய் அக்காவுக்கு மாற்றுச் சேலையும் பிளாஸ்க்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு திரும்புகிற வழியில்தான் இதைப் பார்த்தேன். கைப்பையில் போன் இருந்தது. எடுத்து அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. மதுரையில் சுவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வகுப்பில் சிரிக்கக்கூட மாட்டேன் என்று பிள்ளைகளுக்கு என் மேல் புகார் உண்டு. அப்பேர்ப்பட்டவள் ரவுண்டானா பிளாட்பாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்தது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் அழுதேன். ஆட்டோக்காரர் பாட்டை அணைத்துவிட்டு ஓட்டினார்.

வார்டில் அத்தான் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “என்ன டீச்சர், மூஞ்சி இம்புட்டு வீங்கியிருக்கு? தூங்கலையா?” என்று கேட்டார்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டால் சில மணி நேரத்துக்குள் சுவரில் வந்துவிட வேண்டும். அதிலும் எந்தக் கோஷ்டியின் போஸ்டர் முதலில் வருகிறது என்பதில் மானப்பிரச்சினை இருக்கிறது. பட்டறை ஆட்கள் முந்திக்கொள்வார்கள் என்று பயந்த வாலிபால் தம்பிகள், டாக்டர் கையை விரித்த அன்று சாயங்காலமே அச்சகத்தில் சொல்லி அடித்து, தயாராக இருக்கட்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு காதணி விழாக் கட்டும், ஒரு ஜல்லிக்கட்டுக் காளையின் முதலாமாண்டு நினைவஞ்சலிக் கட்டும் இருந்திருக்கின்றன. ஒட்டுகிற ஆள் மூன்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய் விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டார்.

இப்போது எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு, நம் ஊரின் விசித்திரங்கள் என்று ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் இருந்திருந்தால் அவர் வாயைக் கிளறினால் போதும், மலரே நிறைந்துவிடும். சபைக்கு வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் ஊர் சுற்றிக் காட்டுவது அவர்தான். சித்திரை மாதத் தேர் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிற ஊர் என்பார். தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பி, தாமதமாகி, ஆற்றோடு திரும்பிவிடுகிற அண்ணன் சாமியைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் கூடும் என்பார். அந்தச் சாமி இறங்குவதற்காகவே அணையைத் திறந்து ஆற்றுக்குத் தண்ணீர் விடுவார்கள், தெப்பக்குளத்தில் பல வருஷம் தெப்பத்துக்குப் பதிலாகக் கிரிக்கெட் நடந்தது என்று அடுக்கிக்கொண்டே போவார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற மனிதர் கோயில் கதையை இவ்வளவு ரசித்துச் சொல்கிறாரே என்று விருந்தாளிகள் என்னைப் பார்ப்பார்கள். நான் என்ன சொல்வது, அவர் அப்படித்தான்.

அன்றைக்கு அந்தப் போஸ்டரை நம்பி வீட்டுக்கு வந்த கூட்டத்தை நான்தான் சமாளித்தேன். யாரும் சொல்லாமலேயே வாடகைக் கடைக்காரர் நாற்காலியும் ஷாமியானாவும் இறக்கிவிட்டார். மாலையோடு வந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். போதகர் அடக்க ஆராதனைக்கு வந்து, வந்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். வாலிபால் தம்பிகளின் தலைவன் என் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டு, தெருமுனையிலேயே ஒளிந்து ஒளிந்து திரிந்தான்.

அத்தானிடம் இதை மறைக்கத்தான் பார்த்தோம். மதுரையில் மறைத்துவிட முடியுமா? டிஸ்சார்ஜ் ஆகி வருகிற வழியெல்லாம் அவரே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, தன் படத்தை நின்று பார்த்துவிட்டு வந்தார். வீடு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, எம்புட்டுப் பேர் வந்தாங்க என்பதுதான். தெரு அடைத்துவிட்டது என்று அக்கா சொன்னதும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் திருவாதவூர்க்காரர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, அப்பா கூலிக்கு உழுதவர். அந்த மனிதர் இறந்தபோது தூக்குவதற்கு நாலு பேர்தான் வந்தார்களாம். காடு வரைக்கும் தோள் மாற்ற ஆளில்லை. விடலைப் பையனாகப் பாடையின் முன்பக்கம் ஒரு மூலையைத் தாங்கியவர் அத்தான். அதற்குப் பிறகு எந்தச் சாதி வீடு, எந்த மதம் என்று பார்க்காமல், தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் வீட்டுத் துக்கத்துக்கும் போய்த் தோள் கொடுத்துவிட்டு வருவார். வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் தேய்த்துத் தயாராகத் தொங்கும். அன்றைக்கு எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

“நெசமாப் போறப்பயும் இதே மாதிரி தெரு அடைக்கணும் டீச்சர். தோள் மாத்த ஆள் இல்லாமப் போயிரக்கூடாது. வேற ஒரு ஆசையும் இல்ல எனக்கு.”

ஆனால் அந்த ஆசையில் மண்ணைப் போட்டுக்கொண்டவரும் அவரேதான். ஊர் விசித்திரங்களில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். செத்தவனே தன் போஸ்டரை நின்று பார்க்கலாம், அது எங்க ஊர்லதான் நடக்கும் என்று டீக்கடை, பட்டறை, சபை, கல்யாண வீடு என ஒரு இடம் விடாமல் சொல்லித் திரிந்தார். ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டரை வாங்கி வந்து முன்னறையில் மாட்டப் பார்த்தபோது மட்டும் அக்கா கரண்டியைத் தூக்கினாள். அண்ணே எப்ப மறுபடி சாகப் போறீங்க என்று தெருவே கேலி பேசும். அடுத்த வாரம் டேட் இருக்குடா மாப்ள என்பார்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் நாற்காலியில் அப்படியே போய்விட்டார். இந்தத் தடவை வாலிபால் தம்பிகள் வீட்டுக்கு வந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, கதறிவிட்டு, அதற்கப்புறம்தான் அச்சகத்துக்குப் போனார்கள். பத்து மணிக்கெல்லாம் சுவர்களில் வந்துவிட்டது. ஷாமியானா போட்டாயிற்று. நாற்காலிகளில் பக்கத்து வீட்டுக்காரர்களும் சபை மூப்பர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவை காலியாகக் கிடந்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சவப்பெட்டிக்குச் சொன்னேன், போதகரிடம் நேரம் கேட்டேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். கண் காய்ந்து கிடந்தது. ரவுண்டானாவில் அழுதேனே, அத்தானுக்கென்று இருந்தது மொத்தமும் அதுதான் போலிருக்கிறது. போகாத மனிதருக்காகச் செலவழித்துவிட்டு, போனவர் முன்னால் மரக்கட்டையாக நின்றேன்.

அவருடைய போன் என் கையில் இருந்தது. விடாமல் அடித்தது. எடுத்தால் சிரிப்பு. என்ன அண்ணே, மறுபடியும் போயிட்டீங்களாமே, இந்தத் தடவை போட்டோ நல்லாயிருக்கு என்று ஒருவர். பிரியாணி உண்டா என்று இன்னொருவர். நான் என் வகுப்புக் குரலில், இது நிஜம், சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம் என்று சொன்னேன். டீச்சரையும் கூட்டுச் சேர்த்துட்டீங்களா அண்ணே என்று சத்தமாகச் சிரித்துவிட்டு வைத்தார் பட்டறைக்காரர் ஒருவர். நான் ஒரு விம்மல் விம்மியிருந்தால் நம்பியிருப்பார்கள். வந்தால்தானே? மதியம் தாண்டியும் வாசலில் செருப்பு சேரவில்லை. அக்கா பெட்டியின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

“யாரையும் காணோமேடி. தூக்கவாச்சும் ஆள் வருமா?”

அன்றைக்குச் சாயங்காலம் தெரு அடைத்தது. பட்டறை மொத்தமாக வந்தது, திருவாதவூரிலிருந்து வேன் வந்தது, தோள் மாற்ற அடித்துக்கொண்டார்கள். டீச்சர் ஒத்தை ஆளா நின்னு அம்புட்டுப் பேரையும் வரவழைச்சுட்டாங்க என்று இன்றைக்கும் தெருவில் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கும் தெரியாது.

தூக்க ஆள் வருமா என்று அக்கா கேட்ட அந்த மதியத்தில் நடந்தது இது. அவள் பெட்டியின் மேல் குனிந்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள். அக்காவின் அழுகை அடிவயிற்றிலிருந்து வரும், அதைக் கேட்ட யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரித்துவிட்டு வைத்த பட்டறைக்காரரின் எண்ணுக்குப் போட்டேன். அவர் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் போனை அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் ஆரம்பித்த சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, “ஐயோ, வாரேன் டீச்சர்” என்றார். துண்டித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினேன்.